எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்குச் சொல்வளம்: பட்டியலை மனப்பாடம் செய்வதா, படிக்கும் நூலிலிருந்தே எடுப்பதா?

முனிர்க்கா மாணவி

அனைவருக்கும் வணக்கம். தில்லியில் எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இந்த செமஸ்டரில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஜேன் ஆஸ்டின் மூவரும் உண்டு. சிக்கல் மூன்று. மில்டனில் பக்கத்துக்குப் பதினைந்து சொல்லாவது தெரியாததாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அகராதி புரட்டினால் வாசிப்பு நகர்வதே இல்லை. பார்த்த சொல்லும் மனதில் தங்குவதில்லை. பொருள் தெரிந்த சொல்லைக் கட்டுரையில் வைத்தாலும் 'இங்கே பொருந்தவில்லை' என்ற குறிப்போடு தாள் திரும்பி வருகிறது.

விடுதியில் பலரும் ஜி.ஆர்.இ. (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) சொற்பட்டியலைத் தினம் ஐம்பது சொல் வீதம் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் எழுத வேண்டும். பட்டியல் வழி சரிதானா? தினமும் ஒரு மணி நேரம்தான் இதற்கு ஒதுக்க முடியும்.

கரோல்பாக் வாசகர்

பட்டியலை அடியோடு ஒதுக்க வேண்டாம்மா. ஆனால் அகர வரிசைப் பட்டியல் வேண்டாம், வேர்ச்சொல் வரிசை வேண்டும். தில்லி நடைபாதைக் கடை எதிலும் கிடைக்கும் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949இல் வந்த புத்தகம். இன்றும் விலைபோவதற்குக் காரணம் அந்த வேர் அமைப்புதான். லத்தீனில் 'லோக்வி' என்றால் பேசுதல். அதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் எலக்வென்ட், லொக்வேஷஸ், சொலிலொக்வி, கொலோக்வியல், சர்க்கம்லொக்யூஷன், ஆப்லொக்வி என்று ஒரு குடும்பமே கைக்கு வரும். இப்படி நாற்பது ஐம்பது லத்தீன், கிரேக்க வேர்கள் போதும். மில்டன் போன்ற லத்தீன் வாடை மிகுந்த கவிக்கு இது நேரடியாக உதவும்.

தினம் ஐம்பது நடக்காது. எட்டு, மிஞ்சினால் பத்து.

ஆர்.கே.புரம் ஆசிரியை

வேர்கள் பற்றி வாசகர் சொன்னதை ஏற்கிறேன். ஜி.ஆர்.இ. பட்டியலை ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் 2000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்தால் ஒரு சாதாரண எழுத்துப் பிரதியில் ஏறத்தாழ 80 சதவீதம் தெரிந்ததாகிவிடும். அந்த அடித்தளப் பட்டியலை 1953இல் வெளியிட்ட மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் வங்காளி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து எழுந்தவர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒரு நாவலை அகராதியின் துணையில்லாமல் வாசிக்கத் தேவையானது 98 சதவீதம். அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அதாவது நீங்கள் கடக்க வேண்டிய தூரம் நடுத்தரப் புழக்கச் சொற்களில் இருக்கிறது. ஜி.ஆர்.இ. பட்டியலின் பெரும்பகுதி அதற்கும் அப்பால் இருக்கும் அரிய சொற்கள்.

கல்விச் சொற்பட்டியல் என்று ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தது ஒன்று உண்டு. அதிலுள்ள 570 குடும்பங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் 10 சதவீதம் இடம் பிடிக்கும், புனைகதையிலோ 1.4 சதவீதம்தான். ஆக, விமர்சனக் கட்டுரை வாசிக்கவும் எழுதவும் அந்தப் பட்டியல் நல்லது, ஆஸ்டினை வாசிக்க அது உதவாது. எந்தப் பட்டியல் எதற்கு என்று பார்க்காமல் மனப்பாடம் செய்வதால்தான் உழைப்பு வீணாகிறது.

நெட் பற்றி: இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். அவை இலக்கிய வரலாறு, நூல்கள், கோட்பாடு பற்றியவை. சொல்லுக்குப் பொருள் கேட்டுக் குவிப்பதில்லை. முதல் தாளில் ஒரு வாசிப்புப் பத்தி வரும். நல்ல வாசகருக்கு அது தனித் தயாரிப்பு தேவைப்படாத பகுதி.

வாசிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தில் தொடர்ச்சியாக 100 சொற்களை எண்ணி எடுங்கள். தெரியாதவை இரண்டு என்றால் தனியாக வாசிக்கலாம். ஐந்து வரை என்றால் அடிக்குறிப்புப் பதிப்பு வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்த நூலை வைத்துச் சொல்வளம் வளர்க்கக் கூடாது. உரையோடு, வகுப்போடு படித்துக் கடந்துவிட வேண்டும். மில்டன் உங்களுக்கு இப்போது மூன்றாம் வகை, ஆஸ்டின் இரண்டாம் வகையாக இருக்கலாம். சொல் சேர்க்கும் வேலையை ஆஸ்டினில் தொடங்குங்கள்.

முனிர்க்கா மாணவி

மேடம், ஆஸ்டினில் தெரியாத சொல் குறைவுதான். ஆனால் எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே என்ன செய்வது?

பழஞ்சொல் தேடி

இலக்கிய மாணவருக்கான சொல்வளம் என்பதே இங்கேதான் தொடங்குகிறது, தங்கச்சி. தெரியாத சொல் உங்களை நிறுத்திவிடும், அகராதியைத் திறப்பீர்கள், காரியம் முடிந்தது. தெரிந்த சொல் நிறுத்தாது. இன்றைய பொருளைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்காமல் கடந்துபோவீர்கள், கட்டுரை முழுவதும் பிழையாகிவிடும்.

'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார் சீமாட்டி கேத்தரினின் 'கான்டிசென்ஷன்' பற்றிப் புகழ்ந்து தள்ளுவார். இன்று அந்தச் சொல் வசை: 'தாழ்த்திப் பார்த்துப் பேசுவது'. 1813இல் அது பாராட்டு. உயர்ந்த இடத்தில் இருப்பவர் தன் அந்தஸ்தைப் பார்க்காமல் எளியவரிடம் இறங்கிப் பழகும் குணம். காலின்ஸ் மனமார வாழ்த்துகிறார். அந்த வாழ்த்தின் கூழைக் கும்பிடுதான் ஆஸ்டின் காட்டும் நகைப்பு. பொருள் மாற்றம் தெரியாவிட்டால் அவர் சீமாட்டியைத் திட்டுவதாகப் படும். அதே நாவலில் ஜேனின் 'கேன்டர்' பற்றி எலிசபெத் பேசுவாள். இன்றைக்கு அது ஒளிவு மறைவற்ற பேச்சு. அங்கே அது பிறரை நல்லவிதமாகவே எடைபோடும் மனம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி இணையத்தில் இலவசம். அதில் இந்தச் சொல்லுக்கு இனிய சுபாவம், பரிவு என்றுதான் பொருள் காண்பீர்கள்.

ஷேக்ஸ்பியரில் இந்த வகைச் சொற்கள் சில டஜன் இருக்கும். அவற்றை மட்டும் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வேன், ஏனென்றால் திரும்பத் திரும்ப வருபவை: 'வேர்ஃபோர்' என்றால் ஏன் (எங்கே என்பதல்ல, ஜூலியட் ரோமியோவைத் தேடிக் கேட்கவில்லை), 'ப்ரெஸன்ட்லி' உடனே, 'ஸ்டில்' எப்போதும், 'வான்ட்' இல்லாமை, 'ஃபாண்ட்' பேதைமை (லியர் மன்னன் தன்னைச் சொல்லிக்கொள்வது), 'டவுட்' சந்தேகப்படு, அதாவது ஏதோ நடந்திருக்கிறது என்று எண்ணு. ஹாம்லெட்டில் 'லெட்' என்பது தடுத்தல், இன்றைய பொருளுக்கு நேர் எதிர். தன்னைத் தடுப்பவனைப் பிணமாக்குவேன் என்று ஹாம்லெட் சொல்லும் வரியில் தன்னை விடுபவனை என்று படித்தால் எல்லாம் தலைகீழ்.

மில்டன் வேறு மாதிரி. அவர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் லத்தீன் ஆதிப்பொருளில் வைப்பார். 'பாரடைஸ் லாஸ்ட்' நான்காம் காண்டத்தில் ஏதேன் தோட்டத்து நீரோடைகள் 'மேஸி எரர்' உடன் ஓடுகின்றன. லத்தீனில் 'எர்ராரே' என்றால் அலைதல், திரிதல். வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பது நேர்ப்பொருள். பாவம் இன்னும் நுழையாத தோட்டத்தில் 'பிழை' என்ற பொருளும் நிழலாக வந்து நிற்பதைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். 'ஹாரிட்' என்ற சொல்லும் அப்படியே: சிலிர்த்து நிற்பது என்ற ஆதிப்பொருளோடு முதல் காண்டத்தில் படையணிக்கு வரும். கரோல்பாக் சார் சொன்ன வேர்ப் பயிற்சி உண்மையில் பலன் தருவது இங்கேதான்.

கருவிகள்: ஷேக்ஸ்பியருக்கு அலெக்சாண்டர் ஷ்மிட்டின் லெக்சிகன் என்ற சொல்லகராதி, 1874-75. ஒவ்வொரு சொல்லும் எந்த நாடகத்தில் எந்தக் காட்சியில் எந்தப் பொருளில் என்று பிரித்திருப்பார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசம். பொதுவாக எல்லாவற்றுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. அது பொருள்களைப் புழக்க வரிசையில் வைக்காமல் காலவரிசையில் வைக்கிறது, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள்கள் தருகிறது. உங்கள் நூலின் ஆண்டு தெரியும் அல்லவா? அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் மேற்கோள்கள் எந்தப் பொருள் எண்ணின் கீழ் இருக்கின்றன என்று பாருங்கள். முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அது மிகப் பழைய பொருள், பெரும்பாலும் செத்துப்போனது. இந்த அகராதியைப் பயன்படுத்தத் தொடங்குவோர் செய்யும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான்.

முனிர்க்கா மாணவி

மிக்க நன்றி சார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இணையத்தில் சந்தா கேட்கிறதே?

பழஞ்சொல் தேடி

பல்கலைக்கழக நூலகத்தின் மின்வளப் பட்டியலில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த முதல் பதிப்பு காப்புரிமை கடந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். விக்டோரியா காலம் வரையிலான நூல்களுக்கு அது தாராளம். கையில் வைத்துக்கொள்ள, பேரகராதியின் சுருக்கமான இரண்டு பாகமுள்ள 'ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு' போதும். மண்டி ஹவுஸ் பக்கம் ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி நூலகம் இருக்கிறது, குறிப்புதவி நூல்களை உட்கார்ந்து பார்க்கலாம்.

மயூர் விஹார் மொழிபெயர்ப்பாளர்

எந்தச் சொல்லுக்கு அகராதி பார்ப்பது என்ற முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இதைச் செய்து பாருங்கள்:

ஒரு காட்சியை, அல்லது நாவலில் நாலைந்து பக்கத்தை, அகராதி இல்லாமல் ஒரே மூச்சில் வாசியுங்கள். தட்டிய சொல்லுக்கு ஓரத்தில் பென்சில் புள்ளி, அவ்வளவுதான். இரண்டாம் வாசிப்பில் புள்ளிகளை வடிகட்டுங்கள். அதே பகுதியில் இரண்டு முறை வந்ததா? எடுங்கள். வாக்கியத்தின் திருப்பமே அந்தச் சொல்லில் நிற்கிறதா (பெரும்பாலும் வினை, அல்லது மதிப்பீடு சொல்லும் பெயரடை)? எடுங்கள். தெரிந்த சொல், ஆனால் இடறுகிறதா? கட்டாயம் எடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். எந்தப் பெரிய நூலிலும் வரும் வெவ்வேறு சொற்களில் பாதி வாக்கில் ஒரே ஒருமுறைதான் வரும். அத்தனையையும் துரத்தினால் நூல் முடியாது. பதினைந்து புள்ளியில் நாலைந்துதான் மிஞ்சும்.

அடுத்தது அட்டை. தாள் அட்டையோ, அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் ஆங்கி ஆப்போ எதுவானாலும் சரி. ஆண்ட்ராய்டில் அது இலவசம், ஐஃபோனில் காசு. முன்பக்கம் தனிச்சொல் எழுதக் கூடாது. நூலில் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி அந்தச் சொல்லை அடிக்கோடிடுங்கள். பின்பக்கம்: இந்த வாக்கியத்தில் என்ன பொருள், ஒரே வரியில். இன்றும் அதே பொருளா, இல்லையென்றால் இன்று என்ன. எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும். வேர் தெளிவாக இருந்தால் மட்டும் வேர். நான்கு வரிக்கு மேல் போனால் அந்த அட்டையை மறுபடி வாசிக்க உங்களுக்கே மனம் வராது.

தமிழ்ப் பொருள் எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பருப்பொருளுக்கு எழுதுங்கள். 'ஃபெரட்', 'தாட்ச்', 'ரட்டர்' போன்றவற்றுக்குக் கீரி போன்ற சிறு விலங்கு, கூரை வேயும் வைக்கோல், சுக்கான் என்று போட்டால் வேலை முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இதற்கு நல்ல துணை. மதிப்பீடும் மனநிலையும் சொல்லும் சொற்களுக்குத் தமிழ் ஒற்றைச்சொல் எழுதாதீர்கள். 'மெலன்கலி', 'கிரீஃப்', 'சாரோ', 'வோ' நான்குக்கும் 'துயரம்' என்று எழுதினால் நான்கு அட்டைகளும் ஒன்றாகிவிடும். கட்டுரையில் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைப்பீர்கள். 'பொருந்தவில்லை' குறிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே காலின்ஸ் கோபில்ட் அகராதியைப் பாருங்கள். 1987இல் ஜான் சின்க்ளேர் குழு செய்தது. பொருளை முழு வாக்கியமாக எழுதியிருப்பார்கள்: யார், எதை, எந்தச் சூழலில் அப்படிச் சொல்வார்கள் என்பது அந்த வாக்கியத்திலேயே வந்துவிடும்.

சொல்லின் தரம் பற்றியும் ஒன்று. 1066க்குப் பிறகு பிரெஞ்சும், மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீனும் வந்து சேர்ந்ததால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு மூன்று அடுக்குச் சொற்கள் இருக்கும்: 'ஆஸ்க்', 'க்வெஸ்சன்', 'இன்டெரகேட்'; 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்'. முதலாவது வீட்டுப் பேச்சு, இரண்டாவது மரியாதை, மூன்றாவது ஏடு. நமக்கு இது புதிதல்ல. தண்ணீர், ஜலம், தீர்த்தம் என்ற மூன்றையும் இடம் மாற்றி யாரும் சொல்வதில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தச் செவியை ஆங்கிலத்துக்கும் திருப்புங்கள். மக்பெத் கொலைசெய்த கையைப் பார்த்துப் பேசும் இடத்தில் (இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி) 'மல்டிட்யூடினஸ்', 'இன்கார்னடைன்' என்ற இரண்டு நெடிய லத்தீன் சொற்கள் கடல்போல் உருள்கின்றன. அடுத்த வரியிலேயே 'க்ரீன்', 'ஒன்', 'ரெட்' என்று ஓரசைச் சொற்கள் வெட்டி நிற்கின்றன. இரண்டு வரியும் சொல்வது ஒன்றே. சொல்லின் தரம்தான் மாறுகிறது, அந்த மாற்றத்தில்தான் நாடகம் இருக்கிறது. இதைக் கண்டு எழுதத் தெரிந்த மாணவியின் க்ளோஸ் ரீடிங் (வரிவரியான நுண்வாசிப்பு) தனியாகத் தெரியும்.

கரோல்பாக் வாசகர்

அருமையான விளக்கம். ஆனால் ஆங்கி பற்றி ஒரு எச்சரிக்கை. பலர் இரண்டு மாதத்தில் கைவிடுவது அதைத்தான். தினம் பத்துப் புதிய அட்டை சேர்த்தால் சில வாரங்களில் தினசரி மீள்பார்வை எழுபது, நூறு என்று ஏறிவிடும். ஆப் தானாக வைத்திருக்கும் அளவு தினம் 20 புதிய அட்டை. அதை மாற்றாமல் விட்டால் சுமை இரட்டிப்பு. தேர்வு வாரத்தில் நாலு நாள் விடுபட்டால் குவியலைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடும்.

ஆர்.கே.புரம் ஆசிரியை

சரியான எச்சரிக்கை. புதிய அட்டை தினம் ஐந்து என்று அமைப்பிலேயே குறைத்துவிடுங்கள். குவிந்துவிட்டால் புதியதை நிறுத்தி, மீள்பார்வையை நாளுக்கு 40 என்று கட்டி, பழையது கரையும் வரை பொறுங்கள். ஒரே அட்டை எட்டு முறை தவறினால் ஆப் அதை 'லீச்' என்று குறித்து ஒதுக்கிவைக்கும். அதை மீண்டும் இழுத்துப் போடாதீர்கள். தவறுவது பெரும்பாலும் அட்டை மோசமாக எழுதப்பட்டதால்: வாக்கியம் இல்லை, அல்லது இரண்டு பொருளை ஒரே அட்டையில் திணித்திருப்பீர்கள், அல்லது ஒலியில் ஒத்த இரண்டு சொற்களை ஒரே வாரத்தில் சேர்த்திருப்பீர்கள். 'வீனல்' (லஞ்சத்துக்கு விலைபோகும்), 'வீனியல்' (மன்னிக்கத்தக்க சிறு பிழை) இரண்டையும் ஒன்றாகப் படித்தால் இரண்டும் குழம்பும். ஒன்று உறுதியான பிறகே மற்றது. எதிர்ச்சொல் சோடிகளுக்கும் இதே விதி.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: வாசிப்பு 35 நிமிடம், அட்டை மீள்பார்வை 15, எழுத்து 10. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அன்றைய அட்டைகளில் இரண்டு சொல்லை எடுத்து, படிக்கும் நூலைப் பற்றியே இரண்டு வாக்கியம் எழுதுங்கள்.

முனிர்க்கா மாணவி

இப்போதே எழுதிப் பார்த்தேன். திருத்தித் தர முடியுமா? தமிழில் கருத்தைச் சொல்கிறேன், எனர்வேட், டிஸின்ட்ரஸ்டட், ஃப்ராட் மூன்றும் நான் வைத்த சொற்கள்.

அ. கடைசி ஈரடி அந்த சானெட்டை எனர்வேட் செய்து உயிரூட்டுகிறது.
ஆ. டார்சியின் கடிதத்தை எலிசபெத் டிஸின்ட்ரஸ்டட் ஆக ஒதுக்கிவிடவில்லை.
இ. நாவலின் முடிவு மகிழ்ச்சியால் ஃப்ராட் ஆக இருக்கிறது.

நார்த் கேம்பஸ் ஆய்வாளர்

மூன்றும் பலரும் சறுக்கும் இடங்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

'எனர்வேட்' என்றால் வலுவிழக்கச் செய்வது. லத்தீனில் நரம்பை எடுத்துவிடுதல். 'எனர்ஜி' போல ஒலிப்பதால் வரும் மயக்கம். வேர்ச்சொல் முறையின் ஆபத்தும் இதுதான்: பாதி தெரிந்த வேர் தெரியாததை விட மோசம். இதே கூட்டத்தில் 'நாய்ஸம்' (சத்தம் அல்ல, துர்நாற்றம், கேடு), 'ரெஸ்டிவ்' (ஓய்வு அல்ல, அடங்க மறுப்பது), 'பிம்யூஸ்ட்' (வேடிக்கை அல்ல, குழப்பம்), 'மெரட்ரிஷஸ்' (தகுதி அல்ல, போலிப் பகட்டு) எல்லாம் உண்டு. வேரை வைத்து ஊகித்த எந்தச் சொல்லையும் அகராதியில் உறுதி செய்யாமல் கட்டுரையில் எழுதக் கூடாது.

'டிஸின்ட்ரஸ்டட்' என்றால் தன்னலம் கலவாத நடுநிலை. ஆர்வமின்மைக்கு 'அன்இன்ட்ரஸ்டட்'. பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. ஆனால் விக்டோரியா காலத்துக் கவிஞரும் விமர்சகருமான மாத்யூ அர்னால்டு விமர்சகனுக்குரிய குணமாக வைத்த கலைச்சொல்லே 'டிஸின்ட்ரஸ்டட்னெஸ்' என்பதால் இலக்கிய வகுப்பில் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும்.

மூன்றாவதில் பொருள் சரி: 'ஃப்ராட்' என்றால் நிறைந்த. ஆனால் 'ஃப்ராட் வித்' என்பதற்குப் பின்னால் ஆபத்து, சிக்கல், பதற்றம்தான் வரும். மகிழ்ச்சி வராது. பொருள் தெரிந்தும் பொருந்தாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துணைக்கூட்டம் உண்டு. அகராதி அதை ஓரளவுதான் காட்டும். கார்ப்பஸ் (உண்மையான எழுத்தையும் பேச்சையும் பெருமளவில் திரட்டித் தேடும்படி வைத்த தொகுப்பு) முழுதாகக் காட்டும்.

இங்லிஷ்-கார்ப்போரா தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். அங்கே கோகா என்பது 1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலம், நூறு கோடிச் சொற்களுக்கு மேல். பி.என்.சி. பிரிட்டிஷ் ஆங்கிலம், பத்துக் கோடி. சந்தேகமான சொல்லைப் போட்டு, வலப்பக்கம் நான்கு சொல் தூரத்துக்குள் எவை அதிகம் வருகின்றன என்று கேளுங்கள். முதல் இருபது சொற்களைக் கண்ணோட்டம் விட்டாலே அது நல்லதோடு சேருமா கெட்டதோடு சேருமா, எந்த முன்னிடைச்சொல் எடுக்கும் என்று தெரிந்துவிடும். பிறகு 'கல்வி நூல்' பகுதியை மட்டும் தேர்ந்து மறுபடி பாருங்கள். பத்திரிகையில் மட்டும் புழங்கும் சொல் கட்டுரையில் இளைத்துத் தெரியும். 19ஆம் நூற்றாண்டு நூலுக்குக் கோகா சான்றாகாது. அங்கே 1820களிலிருந்து தொடங்கும் கோஹா கார்ப்பஸைப் பாருங்கள், அதுவும் அமெரிக்க ஆங்கிலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

முன்னிடைச்சொல்லைச் சொல்லோடு ஒட்டியே அட்டையில் எழுதுங்கள்: 'ரெடலென்ட் ஆஃப்', 'இனிமிக்கல் டு', 'கம்ப்ளிசிட் இன்', 'ப்ரெடிகேட்டட் ஆன்', 'இம்ப்யூ' என்றால் ஒன்றை இன்னொன்று 'வித்'. தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபு செய்துவிடுவதால் நம் கண் ஆங்கில முன்னிடைச்சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறது.

இன்னொன்று. எம்.ஏ. கட்டுரைக்கு உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது அரிய பெயரடை அல்ல, வினைச்சொல். 'தி பொயம் செஸ்' என்பதையே பத்து முறை எழுதாமல், கவிதை செய்யும் காரியத்தைப் பிரித்துக் காட்டும் வினைகள்: 'சஜெஸ்ட்' (குறிப்பால் உணர்த்து), 'அண்டர்கட்' (தான் சொன்னதைத் தானே அடியறு), 'காம்ப்ளிகேட்' (எளிய முடிவைச் சிக்கலாக்கு), 'எலைட்' (ஒன்றைச் சொல்லாமல் வழுக்கிச் செல்), 'கன்ஃப்ளேட்' (இரண்டை ஒன்றாகக் குழப்பு), 'ஃபோர்க்ரவுண்ட்' (முன்னிறுத்து). இப்படி இருபத்தைந்து வினைகளை முழு ஆளுமையோடு வைத்திருப்பவர் ஐந்நூறு அரிய சொல் தெரிந்தவரை விட நன்றாக எழுதுவார். கலைச்சொற்களுக்கு ஏப்ரம்ஸின் 'க்ளாசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்'. 'கல்ச்சர்', 'நேச்சர்', 'ரொமான்டிக்' போல வரலாறு ஏறிய சொற்களுக்கு ரேமண்ட் வில்லியம்ஸின் 'கீவேர்ட்ஸ்', 1976.

கரோல்பாக் வாசகர்

வினைச்சொல் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனாலும் வேர்ப் பயிற்சியை ஆபத்து என்று ஒதுக்குவது கொஞ்சம் அதிகம். நீங்கள் காட்டிய பிழைகளில் 'எனர்வேட்' வேர் தெரியாததால் வந்த பிழையே தவிர, தெரிந்ததால் வந்ததல்ல.

நார்த் கேம்பஸ் ஆய்வாளர்

அது சரிதான் சார். முழுதாகத் தெரிந்த வேர் காப்பாற்றும். ஊகம் சோதிக்கப்படாமல் கட்டுரைக்குள் போவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

மயூர் விஹார் மொழிபெயர்ப்பாளர்

யாரும் தொடாத ஒரு பகுதி: அகராதிப் பொருள் போதாத சொற்கள். ஆஸ்டினில் வண்டிகள். 'கிக்' ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கரம். 'கரிக்கிள்' இரட்டைக் குதிரை, இரண்டு சக்கரம். 'பரூஷ்' நான்கு சக்கரம். 'நார்த்தாங்கர் அபி' நாவலில் தார்ப்பிடம் இருப்பது கிக், டில்னியிடம் இருப்பது கரிக்கிள். வாசகர் அதிலேயே இருவரின் வசதியையும் தோரணையையும் படித்துவிடுவார். இதற்கு அகராதியை விடப் படம் பார்ப்பது நல்லது.

விவிலியச் சொற்கள் இன்னொன்று. 'ப்ராடிகல்' என்றால் திரும்பி வந்தவன் என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். ஊதாரி என்பதே பொருள். தமிழில் 'ஊதாரி மைந்தன்' என்ற வழக்கு தெரிந்தவர்களுக்கு இந்தப் பிழை வராது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ஆதியாகமம், யோபு, சங்கீதம், நான்கு சுவிசேஷங்களை ஒரு தமிழ் விவிலியத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் மில்டனில் பாதிச் சுமை இறங்கும்.

காலனிய, இந்திய ஆங்கில எழுத்துக்கு 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் எப்படி ஆங்கிலமாயின என்று அதில் பார்க்கலாம்.

முனிர்க்கா மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக இரண்டு கேள்வி. செமினாரில் பேசும்போது உச்சரிப்புத் தடுமாறுகிறது, அதை அட்டையில் எப்படிக் குறிப்பது? பழைய 'ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு' வாங்கினால் எந்தப் பதிப்பு?

ஆர்.கே.புரம் ஆசிரியை

உச்சரிப்பில் ஒலியை விட அழுத்தம் முக்கியம். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நாம் எல்லா அசையையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். அட்டையில் அழுத்தம் விழும் அசைக்கு மேல் ஒரு கோடு போதும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை, 'ஃபொடாக்ரஃபர்' என்பதில் இரண்டாவது. 'கான்டக்ட்' பெயராக வந்தால் முதல் அசை, வினையாக வந்தால் இரண்டாவது. கிரேக்கச் சொற்களில் கடைசி 'இ' ஒலிக்கும்: 'ஹைப்பர்பலி', 'எபிட்டமி', 'சினெக்டகி'. இவற்றை மௌனமாக்கிச் சொல்வது செமினாரில் அடிக்கடி கேட்கும் பிழை. அகராதித் தளங்களில் ஒலிப்பொத்தான் உண்டு, மூன்று முறை கேட்டு மூன்று முறை உரக்கச் சொல்லிவிட்டு அட்டையை மூடுங்கள்.

பழஞ்சொல் தேடி

1993இல் 'நியூ ஷார்ட்டர்' என்ற பெயரில் வந்த பதிப்போ அதற்குப் பிந்தியதோ வாங்குங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் காலக் குறியீடு இருக்கும்: 'எல்' என்ற எழுத்தும் 16ம் இருந்தால் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி, 'எம்' என்றால் நடு, 'இ' என்றால் முற்பகுதி. உங்களுக்கு வேண்டியது அதுதான். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை 2019இலிருந்து ஆசஃப் அலி சாலை மகிளா ஹாட் வளாகத்தில் நடக்கிறது, காலையிலேயே போங்கள். இரண்டு பாகமும் ஒரே பதிப்பா என்று தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள், வெவ்வேறு பதிப்பின் ஒற்றைப் பாகங்களைச் சேர்த்துக் கட்டி விற்பதுண்டு. முதல் பாகத்தின் கடைசிச் சொல்லும் இரண்டாம் பாகத்தின் முதல் சொல்லும் தொடர்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.